துப்பாக்கிக்குப் பொட்டு வைத்த படம்

கண்ணு,

சாயப்பட்டறைகளைக் கோர்ட்டு மூடச் சொன்ன வருஷம் அது. வேலையில்லாமல் போன வெளியூர்க்காரர்கள் பழைய பஸ் ஸ்டாண்டில் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். அதே வருஷந்தான் கிரிக்கெட்டில் உலகக் கோப்பை நமக்கு வந்தது என்று நீ நம் தெருவில் சரம் கொளுத்தினாய். ஆட்சி மாறியது. மிக்சியும் கிரைண்டரும் தருகிறார்கள் என்று உன் அம்மா ரேஷன் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தீபாவளி முடிந்த கையோடு நொய்யலில் வெள்ளம் வந்து ஆற்றோரத்து வீடுகளைக் கொண்டுபோனது. எனக்கு எழுத்தும் தெரியாது, தேதியும் தெரியாது; இப்படித்தான் ஒரு வருஷத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன். அந்த வெள்ளம் வடிந்து, சுவரோரத்தில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஒரு காலையில்தான், பெருமாநல்லூர் ரோட்டில் நான் அயர்ன் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனியில், கேட்டில் காவல் நின்றவன் துப்பாக்கியோடு உள்ளே வந்து சுட்டான்.

இதை எழுதுவது நம் மேல் வீட்டு எஸ்தர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், செக்கிங் பிரிவில் வேலை. நான் சொல்லச் சொல்ல என் பேச்சைப் படிக்கிற தமிழாக்கி எழுதுகிறாள். போனில் பேசி அனுப்பிவிடலாமே தாத்தா என்றாள். வேண்டாம் என்றேன். பேசின பேச்சை எங்கே வேண்டுமானாலும் வெட்டி எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று எனக்குக் காட்டியவர்கள் உன் டிவித் தொழில்காரர்கள். காகிதத்தை வெட்டினால் வெட்டின இடம் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்றும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். சுட்டவன் பெயரை இந்தக் காகிதத்தில் எங்கேயும் எழுதக் கூடாது. அவன் பெயர் போதுமான அளவுக்கு எழுதப்பட்டாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். “அப்பா, அவன் ஜெயில்ல செத்துட்டானுங்க. நெஞ்சு வலியாம்” என்றாய். அப்புறம் உன் குரல் வேகம் பிடித்தது. “அன்னிக்கு நடந்ததை ஒரு மணி நேரத்துக்குப் போடறோமுங்கப்பா. என் கையில குடுத்திருக்காங்க. பத்து வருசமா இதுக்குத்தான் காத்திருந்தேன்.”

“அந்தப் படமும் வருமா சாமி?” என்று கேட்டேன்.

“அது இல்லாம எப்படீங்கப்பா? ப்ரோக்ராமே அதுதானே.”

“வேண்டாம் சாமி.”

“படத்துல இருக்கறவங்க ஏழு பேருமே போயிட்டாங்க. இனி யாருக்குங்கப்பா வலிக்கப் போகுது?”

நீ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நான்கு முறை உனக்குப் போட்டேன். மீட்டிங்கில் இருப்பதாக மெசேஜ் வந்திருக்கிறது என்று எஸ்தர் படித்துச் சொன்னாள். வருகிற ஞாயிறு சாயங்காலம் அந்தப் படம் வரக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று கூரியர்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் படம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. உன் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். பனியன் கம்பெனியில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்பது நீ பார்த்ததுதான். மெஷின்களுக்கு வாழைக்கன்று கட்டி மாலை போடுவோம். கத்தரி, அயர்ன் பெட்டி, நூல் பிசிர் வெட்டுகிற சின்னக் கத்தரி வரைக்கும் வாழையிலையில் வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அந்த வருஷம் அவன் கேட்டிலிருந்து எழுந்து வந்தான். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன், இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருந்தான். அதைக் கொண்டுவந்து மெஷின் ஓரத்தில் சாய்த்து வைத்தான்.

“இதுவும் ஆயுதந்தானுங்களே. நம்ம சோத்துக்கு இதுதான் மெஷினு” என்றான்.

எங்கள் டேபிளை எடுத்து நடத்திய காண்ட்ராக்டர் முருகேசன் சிரித்தார். “வெய்யி வெய்யி, சாமி உன்னோடதையும் பாக்கட்டும். மத்த மெசினாச்சும் ஒன்றரை ஷிப்ட் ஓடுது. இது என்னைக்காச்சும் ஒரு பீஸ் அடிச்சிருக்குதா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குங்குமத் தட்டு ஓவர்லாக் ஓட்டுகிற ஒரு பிள்ளையின் கையில் இருந்தது. தெற்கத்திப் பிள்ளை, பத்தொன்பது வயது. அவள் பெயரைக் கடைசியில் சொல்கிறேன். “அதுக்கும் ஒரு பொட்டு வெய்யி கண்ணு” என்று முருகேசன் சொன்னதும் அவள் பின்னால் நகர்ந்தாள்.

“அது வெடிச்சிராதுல்லாண்ணே?” என்று அவனைக் கேட்டாள்.

“குண்டு போடலம்மா. பயப்படாம வெய்யி.”

அண்ணே என்றுதான் அவள் அவனைக் கூப்பிடுவாள். கம்பெனியில் எல்லோரும் அவளுக்கு அண்ணன், அக்கா. நான் மட்டும் பெரியப்பா. இது படத்தில் இல்லை. படத்தில் குரல் விழாது, கண்ணு.

க்ளார்க் தம்பி கேமரா வைத்திருந்தான். முதலாளி கூப்பிட்டார் என்று அதை என் கையில் திணித்து, “இதை அமுக்குங்க மாமா, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு ஓடினான். பேனா பிடிக்காத கையில் கேமரா வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் ஏழு பேரும் அடங்கவில்லை. அவன் ஒரு ஓரத்தில் தள்ளி நின்றான். “கிட்ட வாங்க, இன்னுங் கிட்ட. ஏனுங்க, அந்தப் பிள்ளை பக்கத்துல ஒட்டி நில்லுங்க. விரலை எடுக்காத கண்ணு, அப்படியே வெச்சுட்டுச் சிரி” என்று சொன்னவன் நான். அவள் விரல் குழல்மேல், அவன் தோள் அவள் தோளில் இடிக்கிற மாதிரி, இரண்டு பேரும் சிரிப்பு. அமுக்கினேன். என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே படம். க்ளார்க் எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தான். உன் அம்மா அதைக் கண்ணாடி போட்டு டிவிக்கு மேலே மாட்டினாள்.

அந்தக் காலையைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. முதல் சத்தத்தில் யாரோ மிச்ச தீபாவளி வெடியை வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது சத்தத்தில் அயர்ன் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு டேபிளுக்கு அடியில் புகுந்தேன். வெளியே வரவில்லை. கூப்பிட்ட குரல்களை அடையாளம் தெரிந்தும் வரவில்லை. எனக்குத் தலைக்கு மேலே ஒரு டீசர்ட் கருகிக்கொண்டிருந்தது. அந்த வாசம்தான் எனக்கு அந்தக் காலை. எஸ்தர், இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதம்மா: கட்டிங் மாஸ்டர் சுந்தரம். பேட்லாக் மெஷின் மல்லிகா. துணி மடித்துக் கொடுத்த கைமடி பவானி. சாத்தான்குளத்து ஜெபமணி. பொட்டு வைத்த அந்தப் பிள்ளைக்கு இடது தோளில் பட்டது. அவன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, கேட்டுக்குப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். போலீஸ் வந்து கூட்டிப் போனது. ஏன் செய்தான்? எனக்குத் தெரியாது. கோர்ட்டிலும் அவன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் டிவிக்குச் சாயங்காலத்துக்குள் ஒரு காரணம் வேண்டியிருந்தது.

சாயங்காலம் ஒரு டிவி நிருபர் நம் வீட்டுக்கு வந்தார். உன் அம்மா தண்ணீர் கொடுத்தாள். “நீங்க அவரோட நல்லாப் பழகினவர்னு சொன்னாங்கய்யா” என்றார். அப்புறம் டிவிக்கு மேலே பார்த்தார். பார்த்தவர் எழுந்து நின்றுவிட்டார். “ஐயா, இதைக் கொஞ்சம் குடுங்க, நாளைக்கே கொண்டாந்து குடுத்தர்றேன்.”

உள்ளே இருந்து உன் அம்மா, “குடுக்காதீங்க” என்றாள். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

வீடு தேடி வந்த மனுஷன் வாய் விட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இத்தனை வருஷமாக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன். என் கையால் எடுத்த படம் டிவியில் வரப் போகிறது என்று எனக்குள்ளே ஒரு புழு சந்தோஷமாக நெளிந்தது. நாலு பேர் பெரியாஸ்பத்திரியில் பிணமாகக் கிடக்கிறபோது நெளிந்தது. கழற்றிக் கொடுத்தேன். விளக்கைப் போட்டு மைக்கை நீட்டி, “இவங்க ரெண்டு பேரும் நெருங்கிப் பழகுவாங்களா?” என்று கேட்டார். நான்தானுங்க கிட்ட நிற்கச் சொன்னேன் என்ற ஒரு வரி என் நாக்கில் இருந்தது. வெளியே வரவில்லை. “எங்க டேபிள்ல எல்லாரும் நல்லாத்தானுங்க பழகுவாங்க, அண்ணன் தங்கச்சி மாதிரி” என்றேன். ராத்திரி டிவியில் என் முகம் வந்தது. ‘நல்லாத்தானுங்க பழகுவாங்க’ என்பது மட்டும் வந்தது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. மறுநாள் காலை அந்தப் பிள்ளையின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வந்துவிட்டது. யார் இந்தப் பெண் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது என்று நீதான் எனக்குப் படித்துச் சொன்னாய்.

ஆமாம், நீ வந்திருந்தாய். விஷயம் கேள்விப்பட்டு கோயமுத்தூர் காலேஜிலிருந்து ஓடி வந்தாய். பயந்துபோய் என் கையைப் பிடித்துப் பார்த்தாய். அரை மணி நேரத்தில் அந்த நிருபரோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாய். அவர் உனக்கு ஒரு கார்டு கொடுத்தார். அதை நீ பர்ஸில் வைத்ததை நான் பார்த்தேன். நீ இந்தத் தொழிலுக்குப் போனது அந்தக் கார்டிலிருந்துதான். அந்தக் கார்டு வந்தது அந்தப் படத்திலிருந்து. ஆகவே உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நீ போகிற வழியின் கேட்டைத் திறந்துவிட்டவன் நான்.

அதற்கப்புறம் நடந்ததை ஏசி அறையில் இருக்கிற உன் ஆட்களுக்குச் சொல். பெரியாஸ்பத்திரியில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு நம்பர், கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. மூன்று என்றது, ஐந்து என்றது, திரும்ப நாலு என்றது. சொந்தக்காரர்கள் டாக்டரைப் பார்க்காமல் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வார்டில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் அந்தப் பிள்ளையை எட்டிப் பார்த்தார்கள். பழம் கொண்டுவந்த ஒரு அம்மா, “நீதானா அது?” என்று கேட்டுவிட்டு, பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். ஹாஸ்டல்களில் தங்கியிருந்த தெற்கத்திப் பிள்ளைகளை அப்பன்மார் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் தெரு டீக்கடையில் மீசை முளைத்தவன் முளைக்காதவன் எல்லாம் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தோரணையைச் செய்து காட்டினான். செல்போனில் அவன் படம். அடுத்த மாதம் அயர்ன் செக்சனில் ஒருத்தன் சூபர்வைசரிடம் சண்டை போட்டுவிட்டு, அவன் பெயரைச் சொல்லி, “அவனை மாதிரி பண்ணிட்டு உக்காந்துக்குவேன்” என்றான். அதைச் சொன்னவன் குரலில் பயம் இல்லை சாமி, ஆசை இருந்தது. இப்போதும் எங்கேயோ வெளிநாட்டில் பள்ளிக்கூடத்தில் சுட்டுவிட்டான் என்று டீக்கடை டிவியில் வருகிறது. சுட்டவன் முகமும் பெயரும் இங்கே இருக்கிற பசங்களுக்குத் தெரிகிறது. செத்த குழந்தை ஒன்றின் பெயரைச் சொல்லு பார்க்கலாம் என்று கேட்டேன். “அது யாருக்குத் தாத்தா தெரியும்?” என்று சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள் அந்த நம்பர் திரும்பவும் ஐந்து ஆனது. சிகிச்சை பலனின்றி அந்தப் பெண்ணும் செத்தாள் என்று டிவியில் சொன்னார்கள். நானும் உன் அம்மாவும் ஆஸ்பத்திரி வராண்டாவில்தான் நின்றோம். உள்ளே கட்டிலில் அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம் கண்ணு. சாகவில்லை.

அவள் அப்பா அந்த நம்பரைப் பார்த்தார். உள்ளே வந்தார். மகளைப் பார்த்தார். வெளியே போய் பஸ் ஏறினார். ஊரில் போய் டிவி சொன்னதையே சொன்னார். தெருவில் சாவுப் பந்தல் போட்டதாக அப்புறம் கேள்விப்பட்டோம். உன் அம்மா சுவரில் சாய்ந்தபடி, “அப்படியே இருக்கட்டும். செத்தவளைத் தொரத்த மாட்டாங்க” என்றாள். வார்டிலிருந்து விட்டதும் அவளை என் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டாள். போலீசுக்குத் தெரியும், கோர்ட்டுக்குத் தெரியும். உன் தொழில்காரர்கள் ஒருத்தர் வந்து கேட்டிருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தெரிந்திருக்கும். ஒருத்தரும் வரவில்லை. அடுத்த வாரம் அவர்களுக்கு வேறு செய்தி கிடைத்துவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னதும் உன் அம்மாதான். “அவன் பர்ஸுல அந்தக் கார்டு இருக்குது” என்றாள். சாகிற வரைக்கும் சொல்லவில்லை. நான் உன்னை நம்பாதது தப்பா, இல்லை இப்போது நம்புவது தப்பா என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று முன்தினம் பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போனேன். எந்த ஊர் என்று கேட்காதே. வேறு பெயரில் இருக்கிறாள். அவளைக் கட்டியவருக்கு எல்லாம் தெரியும். பன்னிரண்டு வயதில் ஒரு பெண் பிள்ளை. அதற்கு ஒன்றும் தெரியாது. அம்மாவின் கை மேலே தூக்க வராததற்கு மெஷின் பெல்ட்டில் மாட்டியது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்தக் குழந்தை எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியது. அதே கண், சிரித்தால் அதே தூக்கலான பல். என் கேமராக் கண்ணாடிக்குள் நின்ற முகம். அந்தப் படம் ஞாயிற்றுக்கிழமை வந்தால், வட்டத்துக்குள் அந்தக் குழந்தை தன் முகத்தைத்தான் பார்க்கும். அதன் வகுப்பில் எல்லார் வீட்டிலும் போன் இருக்கிறது.

பிள்ளை விளையாடப் போனதும் விஷயத்தைச் சொன்னேன். அவள் பாத்திரம் விளக்குவதை நிறுத்தவில்லை.

“செத்தவள்னா என்ன வேணும்னாலும் சொல்லலாமோ பெரியப்பா?” என்று கேட்டாள்.

“எம் பையந்தான் கண்ணு அதைப் பண்றான். அவனுக்குத் தெரியாது.”

“அப்போ தெரிஞ்சா நிறுத்துவாரா?”

அவள் என் முகத்தையே பார்த்தாள். ஒரு அப்பனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது, சாமி. எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அப்போதுதான் அந்த ஒரு வரியை அவளிடம் சொன்னேன். கிட்ட நிற்கச் சொன்னது நான், அதை மைக்குக்கு முன்னால் சொல்லாதது நான் என்று. அவள் குழாயை மூடினாள். “எனக்கு ஞாபகம் இருக்கு பெரியப்பா. நீங்கதான் சிரிக்கச் சொன்னிய. நீங்க எப்போ சொல்லுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாள். அங்கே வைத்து, “உங்க மவன்ட்ட நான் இருக்கேன்னு சொல்லுங்க. என் பழைய பேரச் சொல்லுங்க. அந்தப் பேர ஒருத்தரும் சொல்லி வருசமாச்சு. டிவியிலயும் ஒருத்தன் சொல்லல. அந்தப் பெண், அந்தப் பெண்ணுன்னே சொன்னானுவ. பேரு தெரிஞ்ச ஆள வட்டம் போட மனுசனுக்குக் கொஞ்சமாவது கை கூசும்லா” என்றாள்.

கண்ணு, நான் உன்னிடம் எதுவும் கேட்டவனில்லை. படிக்க வைத்ததைச் சொல்லிக் காட்டினவனில்லை. இப்போது கேட்கிறேன். அந்த ஒரு மணி நேரம் உனக்கு வேண்டுமென்றால், சுந்தரத்தையும் மல்லிகாவையும் பவானியையும் ஜெபமணியையும் பற்றிச் சொல். அவர்கள் எப்படி வேலை செய்தார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்று நான் வந்து சொல்கிறேன்; ஒரு மணி நேரம் போதாது. காரணம் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று சொல், அதில் கேவலம் ஒன்றுமில்லை. அவன் முகத்தை மட்டும் திரும்ப வீட்டுக்கு வீடு கொண்டுபோய் வைக்காதே. உன் மேலே இருக்கிறவர்கள் படம் இல்லாமல் முடியாது, வட்டம் இல்லாமல் முடியாது என்றால், படத்தில் இல்லாத என்னைச் சுற்றிப் போடச் சொல். என் முகம் உங்கள் பெட்டிக்குள் எங்கேயோ கிடக்கும், நல்லாத்தானுங்க பழகுவாங்க என்று சொல்லிக்கொண்டு. ‘இவன்தான் கிட்ட நிற்கச் சொன்னவன், கேட்டபோது வாயை மூடிக்கொண்டவன்’ என்று கீழே எழுது. எனக்குப் படிக்கத் தெரியாது, வருத்தப்பட மாட்டேன். வேலையை விட்டு அனுப்பினால் வீட்டுக்கு வா. இந்தக் காகிதம் வந்தும் நீ போன் செய்யவில்லை என்றால், சனிக்கிழமை நான் பஸ் ஏறி உன் ஆபீஸ் வாசலில் வந்து உட்காருவேன். மிரட்டவில்லை சாமி. வேறு எனக்கு என்ன செய்யத் தெரியும்?

ஏழு பேரும் போய்விட்டார்கள் என்றாய். நாலு பேரை அவன் கொண்டுபோனான். முருகேசன் கொரோனாவில் போனார். அவனும் போய்விட்டான். ஆறுதான் ஆகிறது. மிச்சம் ஒருத்தி உயிரோடு இருக்கிறாள். அவள் பெயர் முப்புடாதி.